என் பேரில் ஒரு மின் இணைப்பு

என் வலது கையில் இப்போது கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான். நடுவில் இருந்ததை எல்லாம் விசைத்தறியின் பல்சக்கரம் தின்றுவிட்டது. அந்தச் சக்கரத்துக்கு மூடி கிடையாது. எண்ணெய் விட இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைக் கழற்றிப் போட்டவர் என் மனைவியின் அண்ணன். ஆரணியில் அவருக்கு ஒரு தறிக்கூடம் உண்டு. நான் அங்கே வாரக்கூலிக்குப் பட்டுத் தறி ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அழுதார். "நான் இருக்கேன் மாப்ள, பேஜாராவாத" என்றார். கட்டுப் பிரிப்பதற்குள் என் தறிக்கு வேறு ஆள் போட்டுவிட்டார். நஷ்டஈடு என்று நான் வாயைத் திறந்ததும், "நீ பராக்கு பாத்துகினு கைய வுட்டதுக்கு நான் துட்டு குடுக்கணுமா?" என்று கேட்டார். என் மனைவி அண்ணனை விட்டுக்கொடுக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மா பொறுமையாக விளக்கினார். வேலை செய்யும்போது அடிபட்டால் முதலாளி இழப்பீடு கொடுத்தாக வேண்டும். கவனக்குறைவு என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. என் வயது, கூலி, கை எந்த அளவுக்கு வேலைக்கு உதவாமல் போயிற்று என்று டாக்டர் தரும் சான்றிதழ், இவற்றை வைத்துத் தொகையைத் தீர்மானிப்பார்கள். முதலாளி சொந்தக்காரர் என்பதால் ஒன்றும் மாறாது. கேட்கக் கேட்க எனக்குத் தெம்பு வந்தது. அந்தத் தொகையில் ஒரு மளிகைக் கடை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். வேறு பிழைப்புக்கு இந்தக் கை ஆகாது.

பிறகு அவர், "கரண்ட் கார்டு யார் பேர்ல இருக்குங்க?" என்று கேட்டார்.

என் பேரில்தான் இருந்தது. எங்கள் பக்கம் இப்படிச் செய்வதுண்டு. விசைத்தறிக்கு அரசாங்கம் தரும் இலவச மின்சாரம் ஒவ்வோர் இணைப்புக்கும் இத்தனை யூனிட் என்று கணக்கு. அதனால் ஒரே கூடத்தின் நடுவில் ஒரு சுவர் எழுப்பி, தன் பேரில் ஒன்றும் நம்பிக்கையான கூலிக்காரன் பேரில் இன்னொன்றுமாக இணைப்பு வாங்கிவிடுவார்கள். என் பேரில் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "நீயும் மொதலாளி ஆயிட்ட மாப்ள" என்று மச்சான் கேலி செய்தார். நானும் இளித்துக்கொண்டு, அவர் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். நான் ஓட்டிய தறி என் பேரில் இருந்த பாதியில்தான் நின்றது. ஆக, காகிதப்படி என் விரலை வெட்டிய தறிக்கு நான்தான் முதலாளி. எனக்கு நானே நஷ்டஈடு கொடுத்துக்கொள்ள வேண்டும்.

வக்கீலம்மா கைவிடவில்லை. "கார்ட மட்டும் வெச்சு முடிவு பண்ண மாட்டாங்க. நீங்க கூலி வாங்கினதப் பாத்த ஒருத்தர் வந்து சொல்லட்டும்" என்றார். அப்படி ஒருவன் இருந்தான். பக்கத்துத் தறிக்காரன். சுவிட்சை அணைத்து என் கையைச் சக்கரத்திலிருந்து பிரித்தெடுத்தவனும் அவன்தான். சனிக்கிழமைகளில் நாங்கள் சேர்ந்து நின்றுதான் மச்சானிடம் கூலி வாங்குவோம். "கண்டிப்பா வந்து சொல்றேண்ணா" என்றான்.

மனுப் போட்டோம். விசாரணையில் தொழிலாளர் துறை அதிகாரி அவனிடம், "இவர் அங்க கூலிக்கு வேலை செஞ்சாரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அவருதான் மொதலாளி. எனக்குக் கூலி குடுத்ததே அவருதாங்க."

மச்சான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவனை அங்கேயே அறைய வேண்டும்போல் இருந்தது. மனு தள்ளுபடி ஆயிற்று.

பஸ் ஸ்டாண்டில் அவனே என்னைத் தேடி வந்தான். "கோச்சுக்காதண்ணா. பொண்ணு கல்யாணத்த வெச்சிகினு அவர பகைச்சிக்க முடியல. இன்னொரு கூடம் போடறாரு. அந்தக் கரண்ட என் பேர்லயே வாங்கித் தராராம்." சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"கையெழுத்துப் போட்டுட்டியா?" என்று கேட்டேன்.

"நேத்தே போட்டுட்டேண்ணா."

அவனுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல எனக்கு இப்போது தெரியும். வக்கீலம்மா அவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் சொல்லவில்லை. நல்லா இரு என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் பஸ் ஏறினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.