மஞ்சள்காமாலை இல்லை, மாத்திரை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதக் காலை. பல வாரம் கழித்து வேலைக்குக் கிளம்பி, அண்ணனூர் ஸ்டேஷனில் லேடீஸ் பெட்டியில் ஏறினேன். அதில் தினமும் வருகிற ஏழெட்டுப் பேர் நாங்கள் ஒரு கூட்டம். காய் நறுக்குவோம், பூ கட்டுவோம், ஓடுகிற வண்டியிலேயே ஒருத்திக்கு வளைகாப்புகூட நடத்தியிருக்கிறோம்.

என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சென்ட்ரல் பக்கம் பூ விற்கும் அக்கா ஒரு டப்பாவை நீட்டினார். உள்ளே அரைத்த கீழாநெல்லி. "மோர்ல கலக்கி வெறும் வயித்துல குடி. மஞ்சக்காமாலைக்கு இத வுட்டா வேற மருந்து இன்னா கீது?" என்றார்.

எனக்குக் காமாலையே வரவில்லை. அது அம்மா ஊருக்குச் சொன்ன கதை. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று நின்று வந்த முதுகுவலிக்குப் போட ஆரம்பித்த மாத்திரை, வலி போன பிறகும் என்னை விடவில்லை. அது இல்லாவிட்டால் கை நடுங்கும், தூக்கம் வராது, செத்துவிடலாம் போலிருக்கும். மறுவாழ்வு மையத்தில் சேர்ந்துதான் மீண்டேன். உண்மை தெரிந்த நாலு பேர் பக்கத்தில் இல்லாவிட்டால் மறுபடி விழுந்துவிடுவாய் என்று அங்கிருந்த ஆலோசகர் சொல்லி அனுப்பினார்.

குடிக்கு வைத்தியம் பார்த்துத் திரும்பிய என் மாமாவுக்கு வீட்டில் பிரியாணி போட்டார்கள். பொம்பளை என்றால் மட்டும் காமாலையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டப்பாவைத் திருப்பிக் கொடுத்து, "எனக்குக் காமாலை இல்லக்கா. மாத்திரைக்கு அடிமையாகி, அதுக்குத்தான் வைத்தியம் பாத்துட்டு வர்றேன்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சுருக்கென்றது.

பூக்கார அக்காதான் அவளை அதட்டினார். "குடிச்சிட்டு வந்து ஒதைக்கிறவனுக்கே சோறு போட்டுகினு கீறோம். இவ திருந்தி வந்துகீறா, உனுக்கு இன்னா வந்துச்சி?" பிறகு என்னிடம், "மனசு அலைஞ்சா எங்கிட்ட சொல்லு" என்றார்.

அடுத்த வாரமே அலைந்தது. பழைய மருந்துக்கடைக்குப் போய்விடலாம் என்று வில்லிவாக்கத்தில் இறங்க எழுந்தேன். எப்படியோ அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு என்னோடு இறங்கினார். பிளாட்பார பெஞ்சில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, தன் மருமகளைப் பற்றி விடாமல் புலம்பினார். அறிவுரை ஒன்றும் இல்லை. எத்தனையோ வண்டிகளை விட்டோம். என் நடுக்கம் நின்ற பிறகுதான் ஏறினோம். கூடையில் பூவெல்லாம் வாடியிருந்தது.

"ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடுச்சே, உன் தங்கச்சிய எவன் கட்டுவான்" என்று அம்மா இன்றும் அழுகிறார். தெரிந்தே கட்டுகிறவன் வரட்டும் என்பேன்.

மறைத்து வைத்திருந்த காலத்தில் எனக்குத் துணை அந்த மாத்திரை ஒன்றுதான். இப்போது யார் முகம் சுளித்தாலும், என்ன வியாதி என்று கேட்டால் உண்மையைத்தான் சொல்கிறேன். கேட்கிறவர் வீட்டிலும் என்னைப் போல் ஒருத்தி வாய் திறக்க முடியாமல் கிடக்கலாம்.