ஒட்டுக்குக் கீழே துளிர்த்தது

எங்கள் தெருவில் யார் வீட்டு இலந்தை மரத்துக்கு என்ன வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். இலையில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது என்றால் கந்தகத் தூளைக் கரைத்து, வெயில் ஏறுவதற்குள் அடிக்கச் சொல்வேன். பழத்துக்குள் புழு என்றால், கீழே விழுந்த சொத்தையை எல்லாம் பொறுக்கி ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்வேன். காய்ப்பு குறைந்துவிட்டது என்று இழுப்பவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது. கோடையில் கிளையைக் கழிக்க மனசு வராதவர்கள் எதற்கு இலந்தை வைக்கிறீர்கள் என்று எரிந்து விழுவேன். எனக்கு வாய் நீளம். விஷயம் தெரிந்தவள் என்று பொறுத்துக்கொள்கிறார்கள். இவ்வளவும் நான் கற்றுக்கொண்டது என் மரத்தைக் கெடுத்த பிறகு என்பது அவர்களுக்குத் தெரியாது.

அது என் தங்கை வைத்த மரம். அவளை மண்ணாடிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். நான் பாகூர்ப் பக்கம். ஓர் ஆடி மாதம் மதகடிப்பட்டு சந்தையில் இரண்டு ஆப்பிள் இலந்தைக் கன்று வாங்கி, ஒன்றைத் தன் வீட்டில் வைத்துவிட்டு, மற்றதை எனக்காக இரண்டு பஸ் மாறி எடுத்து வந்தாள். குழியும் அவளே தோண்டினாள். நான் தோண்டினால் கோணலாக இருக்குமாம். நட்டு முடித்ததும் தண்டில் புடைப்பாக இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க பாரு, இதான் ஒட்டு. இதுக்கு மேல இருக்கறதுதான் ஆப்பிள் இலந்த. கீழ இருக்கறது காட்டு இலந்த. கீழ எது துளிர்த்தாலும் கிள்ளிப் போட்டுடுக்கா. பாவம் பாத்தியோ, மேல இருக்கறது செத்துடும்."

இரண்டு நாளைக்கு ஒரு தரம் போன் செய்வாள். எடுத்ததும், "கிள்ளினியா?" என்பாள்.

"கிள்ளிட்டேன்டி. உனக்கு வேற வேலயே இல்லியா?" என்பேன்.

புரட்டாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

கார்த்திகையில் ஒட்டுக்குக் கீழே இரண்டு துளிர் எட்டிப் பார்த்தன. கிள்ளத்தான் உட்கார்ந்தேன். நகத்தை வைத்தும் அழுத்த முடியவில்லை. அவள் வைத்த செடியில் உயிரோடு வருவதை நானே எப்படிக் கிள்ளிப் போடுவது? இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். சித்திரைக்குள் அவை என் தோள் உயரம் வளர்ந்தன. மேலே இருந்த பழைய தண்டு காய்ந்துபோனது. அதை ஒடித்து வேலியோரம் எறிந்தேன். கண்ணில் தண்ணீர் கூட வரவில்லை. அதுதான் பக்கத்திலேயே தளதளவென்று வளர்கிறதே என்று நினைத்தேன்.

"இன்னாக்கா, ஒரே முள்ளா கெடக்குது?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

"உன் வூட்டுக்கா வந்து குத்துது?" என்றேன்.

தங்கைக்கு வருஷ திதி முடிந்த இரண்டாம் மாதம் அவள் கணவர் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். ஒரே வருஷத்தில் என் தங்கையைத் துடைத்துப் போட்டுவிட்டார் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சபதமும் செய்தேன்.

அந்தத் தையில் என் மரம் முதன்முதலாகக் காய்த்தது. பழம் கோலிக்குண்டு அளவு. கடித்தால் கொட்டைதான் இருந்தது, ஒரே துவர்ப்பு. பள்ளிக்கூட வாசலில் கூறு கட்டி விற்கிற அதே காட்டு இலந்தை. என் தங்கையை எவனோ ஏமாற்றிவிட்டான் என்று சந்தைக்காரன் மேல்தான் ஆத்திரம் வந்தது. அவள் வீட்டு மரத்திலும் இதுதானா என்று தெரிந்தாக வேண்டும். சபதத்தை மறந்து பஸ் ஏறினேன்.

தங்கை கணவர் கரும்பு வெட்டுக்குப் போயிருந்தார். அந்தப் பெண் மட்டும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் யார் என்று புரிந்துகொண்டாள். "வாங்கக்கா" என்றாள். நான் நேராகத் தோட்டத்துக்குப் போனேன். மரம் நிறையப் பழம். ஒவ்வொன்றும் கோழி முட்டை அளவு. வெளிர்பச்சை நிறம். பாரத்தில் கிளை தாழ்ந்து தொங்கியது.

என் மரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"கீழ துளிர்த்தத கிள்ளலியாக்கா?" என்றாள். "அவங்க சொல்லிட்டுப் போனாங்களாம். இவரு தெனமும் பல்லு வெளக்கறதுக்கு முன்னால வந்து அடிமரத்தப் பாத்துட்டுத்தான் போவாரு. ஒரு நாள் தவறினாலும் என்னைப் பாக்கச் சொல்லுவாரு."

நானல்லவா அக்கா? என்னிடமும்தானே சொன்னாள்?

அவள் ஒரு பை நிறையப் பழம் பறித்துக்கொண்டு வந்தாள். "ஒண்ணும் கெட்டுப் போவலக்கா. உங்க மரத்த வெட்டிவுட்டு, புதுசா வர்ற தண்டுல இதோட மொட்ட எடுத்துக் கட்டிக்கலாம். மதகடிப்பட்டுல ஒட்டு கட்றவரு ஒருத்தரு இருக்காரு. உங்க மரத்துலயும் இதே பழம் வரும்."

சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் என் வாய் வேறு பேசியது.

"எந் தங்கச்சி மரத்த நீ குடுத்து நான் வாங்கணுமா?"

பையை அவள் காலடியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

ஆனி மாதம் தங்கை கணவர் போன் செய்தார். "அக்கா, கழிச்ச கெளையில புதுசா வந்திருக்குது. மொட்டு எடுக்கற பதம். ஆள கூட்டியாரட்டுமா?" அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் இரண்டு தடவை கேட்கட்டும், கெஞ்சட்டும் என்று இருந்தேன். மரம் எங்கே போய்விடப் போகிறது?

கார்த்திகையில் புயல் அடித்தது. "அக்கா, மரம் வேரோட சாஞ்சிடுச்சி" என்று போன் வந்தபோது எங்கள் ஊர்ச் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். நாலு நாள் பஸ் இல்லை. ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பெண் பத்துப் பன்னிரண்டு குச்சிகளை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி எனக்கென்று வைத்திருந்தாள். ஒட்டு கட்டுகிறவரைக் கையோடு அழைத்து வந்தேன். "மழக்காலம்மா, இது பதமில்ல. பட்ட சரியா கழலாது" என்றார். அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். என் மரத்தின் இளங்கிளைகளில் ஐந்து மொட்டு வைத்து டேப் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார்.

இருபது நாள் கழித்துத் தங்கை கணவரும் அந்தப் பெண்ணும் பார்க்க வந்தார்கள். டேப்பை அவள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஐந்தும் கறுத்திருந்தன. அவர் தெருப்பக்கம் போய்விட்டார். தை முதல் கார்த்திகை வரை பத்து மாதம் அந்த மரம் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது. என் திமிரால்தான் போயிற்று. இதை இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

"அடுத்த சந்தையில வேற கன்னு வாங்கியாரேன்க்கா" என்றாள் அவள்.

"வேற கன்னு எனக்கு எதுக்கும்மா?" என்றேன். பிறகு, கேட்க வெட்கமாக இருந்தும் கேட்டேன். "அந்தப் பழம் எப்பிடி இருந்துச்சி?"

"கடிச்சா நறுக்குனு இருக்கும்க்கா. உள்ள வெள்ளையா, தண்ணியா… லேசா இனிக்கும். கொட்ட சின்னது." சொல்லிக்கொண்டே வந்தவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "அன்னிக்கு ஒண்ணே ஒண்ணு தின்னு பாத்திருக்கலாம்க்கா நீங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லு என்றேன்.