ஃபில்டரில் இருந்த எண்

போன வருடம் வாங்கிய பழைய காருக்கு இன்று உத்திரமேரூரில் ஆயில் மாற்றினேன்.

"ஃபில்டரையும் ஒவ்வொரு தடவையும் மாத்தணுமா பாய்?" என்று மெக்கானிக் சலீமிடம் கேட்டேன்.

"ஆமா சார். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தபா ரெண்டையும் மாத்திடணும். இல்லாங்காட்டி பழைய அழுக்கு புது ஆயில்ல சுத்திக்கினு இருக்கும்."

ஃபில்டரைக் கழற்றித் துடைத்தவர் என்னைக் கூப்பிட்டார். அதை மாட்டிய நாளில் வண்டி ஓடியிருந்த கிலோமீட்டரை யாரோ மார்க்கரால் எழுதியிருந்தார்கள். 92,000.

"மீட்டர்ல இப்ப எவ்ளோ கீது சார்?"

எட்டிப் பார்த்தேன். 61,400.

"வித்தவன் மீட்டரைக் கொறைச்சி உங்க தலையில கட்டிட்டான் சார்."

புது ஃபில்டரை மாட்டும் முன் அவர் கேட்டார். "இதுல இன்னா நம்பர் எழுதட்டும்?"

தேதியை மட்டும் எழுதச் சொன்னேன். நீங்களாக இருந்தால்?