கீழ்பென்னாத்தூரில் இல்லாத ஓர் அண்ணன்

போன மாதம் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் வந்தேன். கிரிவலம் பற்றி எழுதச் சொல்லி உங்களில் சிலர் ரொம்ப நாளாகக் கேட்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் வயிற்றெரிச்சலோடு திரும்பியிருக்கிறேன், அதனால் இந்தத் தடவை கோபுரம், தீபம், மன அமைதி என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

என்னோடு கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவள் அமுதா. ஊர் கீழ்பென்னாத்தூர். அவளும் தங்கை கவிதாவும் எட்டு வருடமாகக் கடலை உருண்டை செய்து விற்கிறார்கள். கூட ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். சரக்கு முக்கால்வாசி பௌர்ணமிக் கூட்டத்தை நம்பித்தான். மற்ற நாட்களில் அந்த ஆறு பேருக்கும் சரியாக வேலை இருக்காது, களை எடுக்கப் போய்விடுவார்கள். இந்த நிலையில், திருவண்ணாமலைக்கு வெளியே இருக்கும் ஒரு பல்கலைக்கழகம் (பெயர் வேண்டாம், எனக்கு வம்பு வேண்டாம்) விடுதி மாணவர்களுக்கான மாலைத் தின்பண்டத்தை இனிமேல் பெண்கள் நடத்தும் சிறு நிறுவனங்களிடமிருந்துதான் வாங்குவோம் என்று அறிவித்தது. அது கிடைத்தால் வருடம் முழுக்க அடுப்பு எரியும். நேர்காணல் பௌர்ணமி அன்று காலை.

“ஆபீசருங்க எதிர்ல எனக்குப் பேச்சே வராதுடி. நீ கூட வா. அப்படியே மலையும் சுத்திட்டு வந்துடலாம்” என்றாள் அமுதா. முதல் நாளே கிளம்பிவிட்டேன்.

கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகப் போகும் அரசுப் பேருந்து. டிக்கெட் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இந்த வழியில் கீழ்பென்னாத்தூர் முதலில் வரும், திருவண்ணாமலை அங்கிருந்து இன்னும் சுமார் இருபது கிலோமீட்டர். ஜன்னலோர இடம் கிடைத்தால் செஞ்சிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டே போகலாம். எனக்குக் கிடைத்தது டிரைவருக்குப் பின்னால் இன்ஜின் சூடு.

இறங்கியதும் எதிரிலேயே கடை. பலகையில் பெரிய எழுத்தில் ‘ஏழுமலை & சன்ஸ்’. ஏழுமலை அவர்களுடைய அப்பா, காலமாகிப் பத்து வருடம் ஆகிறது. அவருக்கு இந்த இரண்டு பெண்கள்தான்.

“யாருடி அந்த சன்ஸ்?” என்றேன்.

“நாங்கதான்” என்றாள் அமுதா. ஆரம்பத்தில் தன் பெயரைத்தான் போட்டாளாம். கடலை மண்டிக்குப் போனால், வீட்டில் ஆம்பளைங்க யாரும் இல்லையா என்று கேட்டுவிட்டுக் கடனுக்குச் சரக்கு தர மறுத்திருக்கிறார்கள். ஆறு மாதம் அலைந்துவிட்டு, பெயிண்டரைக் கூப்பிட்டு இந்தப் பெயரை எழுத வைத்தாள். அடுத்த வாரமே மூட்டை வந்து இறங்கியது. போன் வந்தால் என்ன சொல்வது? அதற்கும் வழி செய்து வைத்திருக்கிறார்கள். நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது.

“அண்ணன் வெளிய போயிருக்காருங்க. என்னா வேணும் சொல்லுங்க, நான் சொல்லிடறேன்” என்றாள் கவிதா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். வைத்துவிட்டு, “அண்ணனுக்குப் பொண்ணு பாக்கறீங்களான்னு ஒருத்தரு கேட்டாருக்கா” என்றாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பு மறுநாள் வரைதான்.

காலையில் பேருந்தில் திருவண்ணாமலை. பௌர்ணமி என்பதால் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே இறக்கிவிட்டார்கள். “இன்னைக்கு ஜாஸ்திதான் ஆவும்க்கா, சுத்திக்கினுதான் போவணும்” என்றார் ஆட்டோக்காரர். இருநூற்றைம்பது ரூபாய். கூட்டம் இல்லாத நாளில் இதில் பாதிதான்.

பல்கலைக்கழக அரங்கத்தில் ‘பெண் தொழில்முனைவோர் சந்திப்பு’ என்று பேனர். முதல் மூன்று வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். எனக்கு அப்போதே எரிச்சல் ஆரம்பித்துவிட்டது.

கொள்முதல் அதிகாரியின் மேஜைக்கு எங்கள் முறை வந்தது. அவர் அமுதாவைப் பார்த்தார், பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். “ஓனர் வரலையாம்மா?”

“நான்தாங்க சார்.”

“சன்ஸ்னு போட்டிருக்கே? போன வாரம் விசாரிக்க நானே போன் பண்ணேன். ஒரு பொண்ணு எடுத்து, அண்ணன் வெளிய போயிருக்காருன்னு சொன்னாங்களே.”

கவிதா பழக்க தோஷத்தில் சொல்லியிருக்கிறாள். தொழில் பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, உணவு உரிமம், எல்லாம் அமுதா பெயரில் இருப்பதை எடுத்துக் காட்டினோம்.

“பேப்பர்ல யார் பேரை வேணாலும் போடலாம்மா. உண்மையில நடத்தறது யாருன்னு பாக்கணும் இல்ல?”

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

“அண்ணனே கெடையாதுங்க சார். சும்மா அப்படிச் சொல்றது. பொம்பளைன்னா சரக்கு தர மாட்டேன்றாங்க” என்றாள் அமுதா.

“அப்ப பொய் சொல்லி வியாபாரம் பண்றீங்களா?” என்று கேட்டவர், கொஞ்சம் இரக்கம் வந்தவர்போல் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு பண்ணுங்க. தங்கச்சி நடத்தறதுல எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு அண்ணன்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. நானே முடிச்சுத் தர்றேன்.”

இல்லாத ஆளிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க வேண்டுமாம்! நான் வாயைத் திறந்தேன். “வெளி ஆளுங்க பேசக்கூடாதும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அடுத்தவர் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆண். அமுதாவுக்குத் தெரிந்தவர்தான். எங்கிருந்தோ மொத்தமாகத் தின்பண்டம் வாங்கி, சிறு பொட்டலமாக்கிக் கடைகளுக்குப் போடும் ஏஜென்ட். நிறுவனத்தின் பெயரில் மகாலட்சுமியும் இருந்தது, மகளிரும் இருந்தது.

“மேடம் வரலையா?”

“கார்ல இருக்காங்க சார். வெயில் ஒத்துக்காது.”

“பரவால்ல, பரவால்ல. பேப்பரெல்லாம் அவங்க பேர்ல கரெக்டா இருக்கு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே மேஜை, ஒரே ஆள், ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு நியாயம். வெளியே வந்ததும் அந்தக் காரைத் தேடிப் போனேன். கண்ணாடி இறக்கியிருந்தது. பின்சீட்டில் ஒரு பெண், மடியில் குழந்தை. உங்கள் கம்பெனியில் நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

“கையெழுத்து போடுவேங்க. எங்க போடணும்னு அவரு காட்டுவாரு” என்றாள்.

அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவளுக்கும் சேர்த்து அந்த ஆள்மேல்தான் வந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிரிவலம் கிளம்பினோம். பதினாலு கிலோமீட்டர், செருப்பில்லாமல். முதல் பாதி முழுக்க நான் திட்டிக்கொண்டே நடந்தேன், அமுதா ஒரு வார்த்தை பேசவில்லை. அடி அண்ணாமலையில் டீ குடிக்க உட்கார்ந்தபோது அவள் போன் அடித்தது. தேரடித் தெருக் கடைக்காரர். கூட்டம் ஜாஸ்தி, சரக்கு தீரப் போகிறது என்று குரல் எனக்கே கேட்டது. “அண்ணன் இருக்காராம்மா?”

அமுதா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

“அண்ணன் தவறிட்டாருங்க.”

“ஐயையோ! எப்பம்மா?”

“இன்னைக்குக் காலையிலதாங்க. இனிமே எதுன்னாலும் என்கிட்டயே பேசுங்க. இத்தனை நாளும் நான்தான் பேசினேன்.”

“சரிம்மா, நாலு பெட்டி அனுப்பு” என்றார் கடைக்காரர். நான் சிரித்துவிட்டேன். அமுதா சிரிக்கவில்லை. “எட்டு வருஷம் நாங்க அடுப்புல வெந்தோம், பேரு அவனுக்குப் போச்சுடி” என்றாள். கண் கலங்கியிருந்தது. மீதி வழியெல்லாம் அவள்தான் பேசினாள்.

ஆர்டர் வெள்ளைச் சட்டைக்காரருக்குப் போய்விட்டது. அமுதாவிடம் இருந்த ஆறு பேரில் இரண்டு பேர் இப்போது ஷூ கம்பெனி வேனில் ஏறிப் போகிறார்கள். பெண்கள் நிறுவனங்களுக்கு ஆதரவு தந்ததாக அந்தப் பல்கலைக்கழகம் ஒரு புகைப்படம் வெளியிட்டிருக்கிறது. அதில் நிற்பவர்கள் அத்தனை பேரும் மீசைக்காரர்கள்.

போகிறவர்களுக்கு: பௌர்ணமிக்குப் போவதானால் விடுதி அறையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஆட்டோவில் ஏறுமுன் பேசிவிடுங்கள். தார்ச்சாலை சுடும், வெயில் தாழ்ந்த பிறகு நடக்க ஆரம்பியுங்கள். செஞ்சி வழியாக வந்தால் கீழ்பென்னாத்தூரில் இறங்கிக் கடலை உருண்டை வாங்குங்கள், பல்லை உடைக்காத பதம். பலகையில் ‘சன்ஸ்’ இருந்த இடத்தில் இப்போது வெள்ளையடித்திருக்கும், அதுதான் அடையாளம். உள்ளே போய் “ஓனர் இருக்காரா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “இருக்காங்களா?” என்று கேளுங்கள்.