மிருதங்கக்காரர் எழுந்து கொடுத்த சீட்

வெளிநாட்டில் இசை முதுகலை படிக்கிறேன். விடுமுறைக்குப் பாலக்காடு பக்கத்துச் சித்தூருக்கு வந்திருக்கிறேன்.

ஆய்வுக் கட்டுரைக்கு நாளை கடைசி நாள். அதனால் காய்ச்சல் என்று பொய் சொல்லி, நேற்று கோயிலில் நான் பாட வேண்டிய கச்சேரிக்குப் போகவில்லை.

இன்று நூலகம் போகப் பாலக்காடு பஸ்ஸில் ஏறினால், எனக்கு வாசிக்க இருந்த மிருதங்கக்காரர். பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“காச்சல் உட்டுருச்சுங்களா அம்மிணி? உக்காருங்க.”

“வேண்டாங்கண்ணா, நீங்க உக்காருங்க.”

“ஒடம்பு முடியாதவங்க நிக்கலாமுங்களா? உங்களுக்கு வாசிக்கோணும்னு கோயமுத்தூர் கச்சேரியக்கூட வேண்டாம்னுட்டனுங்க. பரவால்லீங்க, ஒடம்புதான் முக்கியம்.”

மிருதங்கத்தைத் தோளில் மாட்டியபடி பாலக்காடு வரை அவர் நின்றார். நான் உட்கார்ந்து, இரண்டு முறை இருமவும் செய்தேன்.

கட்டுரை இன்னும் முடியவில்லை. உண்மையைச் சொல்ல அவரைப் போனில் கூப்பிடப் போகிறேன். முதல் வாக்கியத்தை மட்டும் யாராவது சொல்லிக்கொடுங்கள்.