சிதம்பரத்தில் மாட்டிக்கொண்ட வாரம்

போன வாரம் சங்கராபுரம் ரோட்டில், எங்கள் ஊர் ஸ்டாப்பிங்கில் பஸ்ஸுக்கு நின்றேன். வெயிலில் மண்டை காய்ந்தது. எதிரே மெஸ்ஸில் அப்பளம் பொரிக்கிற வாசனை. அவ்வளவுதான், நினைப்பில் நான் பழைய சிதம்பரம் ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன்.

எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடாக இருந்த சமயம். சிதம்பரத்தில்தான் எம்.ஏ. சேருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அப்பாவுக்கோ கரும்பு வெட்ட ஆள் வேண்டும். "போய்ப் பாத்துட்டு அன்னிக்கே திரும்பிடணும். ராத் தங்கின, படிப்புப் பேச்சே கெடையாது" என்றார்.

அங்கே படித்துக்கொண்டிருந்த என் சிநேகிதன் பொன்னுசாமி கரியாலூர் மலைக்காரன். மலையிலிருந்து வந்தவனுக்கு டவுன் என்ன தெரியும் என்று கெத்தாகப் போனேன். அவன்தான் என் கையைப் பிடித்து ஊரைக் காட்டினான். இசைக் கல்லூரிப் பக்கம் ஒரு மரத்தடிக்கு ஒரு நாதஸ்வரம், ஆளுக்கொரு ராகம். கீழவீதி டீக்கடையில் நாலு பேர், கோயில் தூணில் ஆடுகிறவளின் கால் தூக்கல் சரியா தப்பா என்று சண்டை. டீ ஆற்றுகிறவர் தீர்ப்புச் சொல்கிறார். இப்படியும் ஒரு ஊரா என்று வாய் பிளந்தேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் சொன்னார்: "வண்டி இல்ல தம்பி. ரோடு பூரா மரத்த வெட்டிப் போட்டுக்கினு கீறாங்க."

போச்சு, எம்.ஏ. போச்சு.

ஹாஸ்டல் மெஸ்ஸில் ராத்திரி ஒரே விவாதம். "உங்காளுங்க மரத்த வெட்டுனா நான் எப்டிடா வூட்டுக்குப் போறது?" என்றான் பொன்னுசாமி.

"உனக்கு மலசாதி கோட்டால சீட்டு கெடச்சிச்சு, பேசுவ."

"கெடச்சிச்சுடா. அதனாலதான் உனக்குப் படுக்கப் பாய் கெடச்சிக்கீது."

சிரித்து முடிப்பதற்குள் என் அப்பளம் அவன் தட்டில்.

ஒரு வாரம் கழித்து லாரியிலும் நடையிலுமாக ஊர் வந்தேன். ஸ்டாப்பிங்கில் எங்கள் புளியமரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து அப்பா கூழ் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோடாலி.

"இன்னாடா, ஒரு நாளுன்னுதான சொன்னேன்?"

"நீதான வழிய அடச்சிக்கினு குந்தியிருக்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. மரத்தைத் தடவிக்கொண்டே, "ஊரு எப்டிக்கீது?" என்றார். நாதஸ்வரம் முதல் டீக்கடைத் தீர்ப்பு வரைக்கும் கொட்டினேன். சொம்பைக் கீழே வைத்தார்.

"போய்ச் சேந்துக்க. மரத்தயும் வெட்டிட்டு உன்னயும் இங்கயே நிறுத்திக்கினா, இன்னாத்துக்குடா வெட்டனேன்?"

அதற்கப்புறம் ஒவ்வொரு லீவுக்கும் என்னைக் கூட்டிப்போக சைக்கிளோடு வந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் நிற்பார்.

"நெழலாப் பாத்து நிக்கக் கூடாதாப்பா?"

"இங்க ஏதுடா நெழலு?"

புளியமரத்தின் அடிக்கட்டை இன்று அகலப்படுத்தின ரோட்டுக்கு அடியில் போய்விட்டது. அப்பாவும் இல்லை. எதிரே மெஸ் கொட்டகையில் இப்போது நல்ல நிழல் இருக்கிறது. பஸ் வரும்வரை நான் அங்கே போகவில்லை.