மெழுகுக் காலும் சவர்க்காரமும்

கொட்டாஞ்சேனையில் என்னைத் தெரியாதவர்கள் இருக்கலாம். என் இடது காலைத் தெரியாதவர்கள் இல்லை. யானைக்கால். தெருமுனையில் எனக்கு முன்பே அது திரும்பிவிடும்.

வீக்கம் தொடங்கியபோது யோவக்கீம் ஒருவனுக்குத்தான் காட்டினேன். பதினொரு வருடம் மாதா திருநாள் ஊர்வலத்தில் அவள் சொரூபம் வைத்த கூட்டின் முன்தண்டை நானும் அவனும் தோளோடு தோள் சேர்த்துச் சுமந்தவர்கள்.

“ஒருத்தருக்கும் சொல்லாத, மச்சான்.”

“என்ர வாய்க்குப் பூட்டு” என்றான்.

மாதாவுக்கு மெழுகுக் கால் நேர்ந்து வைக்கச் சொன்னதும் அவனே. கடையில் இருந்த கால் மெலிந்தது. மாதா ஆள் மாறிச் சுகம் கொடுத்துவிடுவாளோ என்று பயந்து இரண்டு வாங்கினேன். தினமும் காலைக் கழுவி, ஈரத்தோடே மந்திரித்த எண்ணெய் பூசி, யாரும் பாராதபடி துணியால் இறுகச் சுற்றினேன். மாதந்தோறும் காய்ச்சல் வந்து போனது.

ஆவணித் திருநாள் வந்தது. வெள்ளை உடுத்து, வெறுங்காலோடு போனேன். என் இடத்தில் யோவக்கீமின் மைத்துனன் நின்றான். கோவில் மூப்பர் என்னை ஓரமாக அழைத்தார்.

“தம்பி, உம்முட காலில தொட்டா ஒட்டுற வருத்தமாமே? யோவக்கீம்தான் சொன்னவன்.”

யோவக்கீம் தோரணத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்குத்தான் தோரணம் அவனுக்கு அவ்வளவு அழகாகப் பட்டதுபோலும்.

ஊர்வலம் போய்விட்டது. உள்ளே மாதாவின் பீடம் காலி. அந்தக் காலிப் பீடத்திடம் அழுதேன்: “நீயும் அவன் தோளிலேயே போய்விட்டாயே, தாயே! என் காலைத் தா. இல்லையென்றால் ஒரு வழியாவது காட்டு.”

எழுந்தேன். அந்த மாதக் காய்ச்சல் குளிரோடு ஏறியது. விழுந்துவிட்டேன். கோவில் கூட்டும் பெண்கள் பக்கத்துக் கன்னியர் மடத்து மருந்துச்சாலைக்குத் தூக்கிச் சென்றார்கள். காய்ச்சல் தணிந்ததும் சிஸ்டர் துணியை அவிழ்த்துப் பார்த்தார்.

“ஐயா, இது தொட்டா ஒட்டாது. நுளம்பு கடிச்சு வாற வருத்தம். ஈரத்தோட கட்டி விரலிடுக்கைப் புண்ணாக்கினது நீங்கதான். காய்ச்சலும் அதாலதான்.”

“சுகம் வருமா, சிஸ்டர்?”

“வீக்கம் முழுக்கப் போகாது. ஒழுங்காப் பார்த்தீங்கண்டா கூடாம நிக்கும்.”

நான் கேட்டது இரண்டு. தாய் இரண்டாவதைத் தந்தாள்.

அன்றுமுதல் சிஸ்டர் காட்டியபடி சவர்க்காரமிட்டுக் கழுவுகிறேன். குழந்தையைத் துடைப்பதுபோல் விரலிடுக்குகளை ஒற்றி உலர்த்துகிறேன். விரலிலிருந்து மேல்நோக்கிக் கட்டுகிறேன். தேயிலைக் கிட்டங்கியில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். தேயிலைப் பெட்டிமேல் காலை உயர்த்தி வைத்தே எழுதுகிறேன். துரை முறைத்தபோது, காலைக் காட்டி, “இவர் என்னைவிடப் பெரிய கிளாக்கர், சேர்” என்றேன். சிரித்துவிட்டார். மாதந்தோறும் வந்த காய்ச்சல் இப்போது வருவதில்லை.

இந்த வருடத் திருநாளில் ஊர்வலம் முழுதும் கூட்டின் பின்னால் நடந்தேன். எல்லாரும் வெறுங்காலோடு; புண் படக்கூடாதென்று நான் மட்டும் சப்பாத்துப் போட்டிருந்தேன். யோவக்கீம் திரும்பினான்.

“மச்சான், வந்து தண்டைப் பிடி. நான் விலகுறன்.”

“வேணாம். நீயே சும.”

வீங்கிய காலோடு ஒளிந்திருப்பவர்களே, மெழுகுக் கால் வையுங்கள், சவர்க்காரமும் வாங்குங்கள். தாயிடம் கேளுங்கள், அவள் அனுப்பும் ஆளிடம் காலைக் காட்டுங்கள்.

எனக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள். பரலோக மந்திரத்தில் பிறர் செய்த குற்றத்தைப் பொறுக்கும் இடம் வரும்போது என் நாக்கு இன்னும் நொண்டுகிறது. கால் மட்டும், தாயின் தயவால், நன்றாக நடக்கிறது.